சிறு கோடு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
கிறிஸ்துதாஸ் அண்ணாச்சியின் அச்சகத்தில்
பிழை திருத்துவது என் பிழைப்பு.
போட்டித் தேர்வுக்கான பொது அறிவுக் கையேடு,
பக்கம் நூற்றுப் பதினான்கு, ஓர் அட்டவணை:
மதம், நிறுவியவர், ஆண்டு, நூல்.
எல்லா வரிசையும் நிறைந்திருக்க
எங்கள் வரிசையில் மட்டும்
மூன்று கட்டத்திலும் ஒரு சிறு கோடு.

"கோடு கிடந்தா விட்டுப்போன மாதிரி இருக்கும் மக்கா,
எதையாவது எழுது.
உனக்குத் தெரியாதா உன் சாமி எப்போ வந்துதுன்னு?"
சிவாலய ஓட்டம், ரெண்டு நாள் லீவு வேணும் என்றேன்.

முன்சிறைத் திருமலையில் முழுகி எழுந்து
மஞ்சள் வேட்டி, பனையோலை விசிறி,
இடுப்பில் திருநீற்றுப் பை.
போவது சிவனிடம்;
வாய் கூவுவது கோவிந்தா, கோபாலா.
முப்பது வருடமாய் என்னை உறுத்தும் வரி.
திருத்தச் சொல்லி யாரும் தந்ததில்லை.

புருஷாமிருகத்துக்குச் சிவன் பெயரன்றி
வேறு பெயர் காதில் விழக்கூடாது.
பீமன் வேண்டுமென்றே அதைக் கூவிவிட்டு
உயிரைக் கையில் பிடித்து ஓடினான்.
பிடிபடும் இடத்திலெல்லாம்
ஒரு ருத்திராட்சம் போட்டான்.
போட்டது லிங்கமாயிற்று.
மிருகம் நின்று கும்பிட்டது, மறுபடி துரத்தியது.
பன்னிரண்டு கோயிலை நிறுவியது
ஒரு பயமும் ஒரு கோபமும் என்று
எந்தக் கட்டத்தில் எழுத?

திக்குறிச்சியில் ஆற்றங்கரை இருட்டு.
கால் நனைத்தபோது நினைத்துக்கொண்டேன்:
வடக்கே சிந்து என்றோர் ஆறு;
சகரம் வராத நாக்கு ஒன்று
தன் வாய்க்குத் தக்கபடி அதைச் சொன்னது.
அக்கரையிலிருந்து எவரோ கூப்பிட்ட பெயர்.
ஒரு தெய்வத்துக்கு ஆயிரம் பெயர் வைத்தவர்கள்
தங்களுக்கென்று ஒன்று வைக்க மறந்திருந்தார்கள்.
அப்படிப் பார்த்தால்
எங்கள் பெயரே ஓர் அச்சுப்பிழை.
கவனிக்காமல் விட்டதில் வேர் பிடித்துவிட்டது.

திற்பரப்பு தாண்டினால் ரப்பர் தோட்டம்.
பக்கத்தில் ஓடியவன் பத்மதாஸ்,
குலசேகரத்தில் பால் வெட்டுகிறவன்.
கர்மம்னா என்னலே,
ஒற்றை வரியில் சொல்லு என்றேன்.
"வெட்டின கோட்டுக்குத்தான் பால் வடியும்."
மறுபிறவி?
"பட்டை திரும்ப வளரும். திரும்ப வெட்டுவான்."
அப்போ வீடுபேறு?
மூச்சு வாங்கினான்.
"அதை மரத்துகிட்டல்லா கேக்கணும். ஓடும் வே."

திருநந்திக்கரையில் குடைவரை.
சிவனுக்கு முன்னே இந்தப் பாறைக்குள்
அமணர் இருந்ததாகச் சொல்வார்கள்.
நெற்றியைக் கல்லில் வைத்தேன், குளிர்ந்தது.
யாருடைய குளிர் என்று கல் சொல்லவில்லை.
வேதமும் அப்படித்தானாம்:
இயற்றியவன் இல்லை, கேட்டவர்கள் உண்டு.
ஆசிரியர் பெயரில்லாத கைப்பிரதி
எங்கள் அச்சகத்துக்கு வந்தால்
பிரிக்காமலே திருப்பி அனுப்புவோம்.

திருவிதாங்கோட்டு மதில் பக்கம் வரும்போது
என் ஓட்டம் எப்போதும் நடையாகிவிடும்.
அப்பாவின் அப்பாவை
இந்தத் தெருமுனையில் நிறுத்தியிருந்தார்கள்.
எல்லா உயிரிலும் உறைவது ஒன்றே என்று
உள்ளே ஓதிக்கொண்டிருந்த அதே நேரத்தில்.
அவர் வெயிலில் நின்று கும்பிட்டிருக்கிறார்,
மதிலை.
அதுவும் இந்த வரிசையில் வரவேண்டியதுதான்.
அதற்கும் கட்டம் இல்லை.

நட்டாலம் சேர்ந்தபோது இரண்டாம் இரவு.
அங்கே ஒரே உடலில்
பாதி சிவன், பாதி மால்.
மிருகம் அங்கேதான் அடங்கியது என்கிறார்கள்.
எனக்குக் கால்
கொப்புளம் மட்டும் முழுசாய் என்னுடையது.
பத்மதாஸ் படிக்கட்டிலேயே தூங்கிவிட்டான்,
விசிறி நெஞ்சின் மேல் ஏறி இறங்க.

மறுநாள் செருப்புப் போட முடியவில்லை.
வெறுங்காலோடு வேலைக்குப் போனேன்.
நூற்றுப் பதினான்காம் பக்கம் மேசையில்.
அண்ணாச்சி மூன்று கோட்டையும் அடித்து
ஓரத்தில் பென்சிலால்
"தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்.

தப்பில்லை. ஆனாலும் அழித்தேன்.
அடிபட்ட கோடுகளுக்குக் கீழே
வரிசையாகப் புள்ளி வைத்தேன்.
எங்கள் தொழிலில் அதற்கு
இருக்கட்டும் என்று பொருள்.