அஸ்தமனத்துக்கு முன்

மெஹ்ரோலி சார்பதிவாளர் அலுவலகம்.
சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருக்கிறேன்.
ஆதார் நகல் இரண்டு, போட்டோ இரண்டு.
விற்கிறவர் இன்னும் வரவில்லை.

நிருபம் ராய்சௌத்ரி, வயது எழுபத்திரண்டு.
சித்தரஞ்சன் பார்க்கில் நூற்றறுபது கஜம்.
அதன் மொட்டைமாடி அறையில்
பதினோரு மாதம், பதினோரு மாதமாக
ஒன்பது வருஷம் குடியிருந்தேன்.

அவர் குடும்பத்துக்கு ஒருகாலத்தில் கிழக்கு வங்காளத்தில்
இரண்டு ஆறுகளுக்கு நடுவே நாற்பத்தேழு கிராமம்.
மூன்றாவதாக ஓர் ஆறும் உண்டாம்.
அடிக்கடி இடம் மாறியதால்
கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் ஆள் ராம்லோசன். ஜமீன்தார் அல்ல,
ஜமீன்தாரின் காரியஸ்தர்.
வெள்ளைக்காரன் சட்டம் அப்போது இப்படி:
குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள்
கிஸ்தி கஜானாவில் விழவேண்டும்.
இல்லையென்றால் நிலம் ஏலத்துக்கு.
புயல், வெள்ளம், சாவு எதுவும் செல்லாது.
எஜமானின் பணம் ஏறியது
ராம்லோசன் அமர்த்திய படகில்.
துடுப்புக்காரர்கள் கரையில் ஒதுக்கிச் சமைத்தார்கள்.
ஒவ்வொரு முள்ளாக எடுத்து மீன் தின்றார்கள்.
கஜானாப் படியில் பெட்டியை இறக்கியபோது
வானத்தில் சிவப்பு மட்டும் மிச்சம்.
ஏலம் எடுத்தவர் ராம்லோசன்,
மைத்துனன் பேரில்.

தண்ணீர் மோட்டார் பழுதான ஒரு ராத்திரி
படிக்கட்டில் உட்கார்ந்து நிருபம் பாபு சொன்னார்,
அடுத்த வீட்டுத் திருட்டைச் சொல்வதுபோல.
சொல்லிவிட்டுக் கேட்டார்:
"வாடகை ஏழாம் தேதிக்குள் வந்துவிடும்தானே?"

நான் தணிக்கைத் துறை. தெரிந்து
குடும்பத்துக் குடிவாரி நோட்டைக் கொண்டுவந்தார்,
மொத்தப் பாக்கி எவ்வளவென்று கூட்டிப் பார்க்கச் சொல்லி.
வங்காள எழுத்தில் நாலு, எட்டுபோல இருக்கும்.
ஏழு, ஒன்பதுபோல.
முதல் தடவை கூட்டியபோது
அவர்கள் இன்னும் பெரிய பணக்காரர்கள்.

திகம்பர் காலத்தில் யானை வாங்கியிருக்கிறார்கள்.
தீனிக்குக் குடியானவர்கள்மேல் ஒரு வரி,
நோட்டில் தனிப் பத்தி.
யானை செத்துவிட்டது.
பத்தி இன்னும் முப்பத்தொரு வருஷம் நடக்கிறது.
கோலாம் ஷேக், துர்கா பூஜை வரி, ஆறணா பாக்கி.
பக்கத்தில் கைநாட்டு. விரல் ரேகைக்குள்
மண் மாதிரி ஏதோ.

காளிகிங்கர் தம்பிமேல் வழக்குப் போட்டார்,
ஒரு குளத்துக்காக, பத்தொன்பது வருஷம்.
கல்கத்தாவில் தீர்ப்பு வந்தபோது ஜெயித்தது அவர்தான்.
குளம் வேறு நாட்டில் இருந்தது.

நோட்டோடு தில்லிக்கு வந்த அப்பா
மறுவாழ்வு இலாகாவில் கீழ்நிலை எழுத்தர்.
அகதிகள் மனைக்குக் குலுக்கலில் பேர் விழுந்ததும்
ஒவ்வொரு தவணையையும்
நாலு நாள் முன்னதாகவே கட்டினாராம்.
மழை பெய்தால் ஆறு நாள்.

மணி நாலு நாற்பது. டிசம்பர்.
போன் வருகிறது.
"சிராக் தில்லி மேம்பாலத்தில் நிற்கிறேன். ஆட்டோ நகரவே இல்லை.
அங்கே வெளிச்சம் இருக்கிறதா?"
ஜன்னலைப் பார்க்கிறேன்.
ஏசி பெட்டிக்குப் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.
பில்டரின் ஆள் வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டே சொல்கிறான்:
நாளைக்கு வேறு ஸ்லாட் போட்டுக்கொள்ளலாம்.
அதைச் சொன்னேன்.
"அபராதம்?"
இல்லை.
"ஏலம்?"
இல்லை, பாபு.
கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.
"ஓ," என்றார். சுகமாக இல்லை அந்தக் குரல்.

மறுநாள் கையெழுத்தெல்லாம் முடிந்து
என் அட்வான்ஸைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.
கூடவே ஒரு ரசீது:
சுவரில் ஆணித் துளைகளுக்குப் பிடித்தம்,
துளைக்கு முந்நூறு வீதம்,
பக்கத்தில் அவர் எழுத்தில் ஒரு எண்.
எட்டில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நாலு.

நான் அடித்தது மூன்று.