கசட்டு மேடு

சொஹாரிலிருந்து நாற்பது நிமிடம், வாதி ஜிஸ்ஸி.
கன்டெய்னரில் ஏசி நின்று இரண்டு நாள்;
அட்டைப் பெட்டிகளுக்குள்
நாலாயிரம் வருடம் வியர்த்துக்கொண்டிருந்தது.

வெளியே கறுப்பு மேடுகள்.
சாலைக்காரர்கள் கொட்டிய தார் என்று நினைத்தேன்.
கசடு, என்றாள் புதைனா.
செம்பு கிளம்பிப் போனபின்
கிடக்கிற மிச்சம்.

குழாயை அறுத்துப் பற்றவைத்தேன்.
நெருப்போரம் பச்சை படர்ந்தது.
சட்டென்று திரும்பினாள்.
"இன்னொரு முறை."
பத்து வருடமாகத் தோண்டுகிறவளுக்குச்
செம்பு எண்ணாகத்தான் வருமாம், கணினியில்.
அரையடித் துண்டொன்றை வீணாய் எரித்தேன்.

பதிலுக்கு ஒன்று காட்டினாள்:
உலைச்சுவரின் சுட்ட மண்,
ஈரத்தில் யாரோ அப்பிய நான்கு விரல்.
என் கையை வைக்கப் போனேன்.
தொடாதே.
நூலளவு மேலே, காற்றில் நிறுத்தினேன்.
சுண்டுவிரல் மட்டும் ஒத்துவரவில்லை,
அவனுக்கு அது பாதிதான்.
என்னுடையதும் நேராக இல்லை,
தம்மாமில் கம்ப்ரஸர் விழுந்தது.

இந்தச் செம்பில் ஆர்செனிக் உண்டு, என்றாள்.
உலையில் பூண்டு வாடை வரும்,
மூச்சோடு போய் நரம்பைத் தின்னும்.
"அவர்களுக்குத் தெரியுமா?"
"தெரியாமலா ஊதியிருப்பார்கள்?"
என்னைப் பார்க்காமல்
பெட்டிக்கு எண் ஒட்டினாள்.

பில்லில் எழுதினேன்:
கேஸ், குழாய் ஒன்றரை அடி, கூலி பன்னிரண்டு ரியால்.
எரித்த துண்டை எழுதவில்லை.

அன்று இரவு கேம்ப் சமையலறையில்
யாரோ பூண்டு வதக்கினார்கள்.
பசியோடு படுத்திருந்தவன்
எழுந்துபோய்ச்
சன்னலைத் திறந்தேன்.