முழக்கணக்கு

இருபதாம் கொண்டை ஊசி வளைவிலேயே
போனை அணைத்துவிட வேண்டும். விதி.
எங்கள் தட்டின் காதுக்கு ஒரு செல்போன்
ஆடிப் பண்டிகை ஸ்பீக்கர்.

நாகலூர் மேட்டில் இன்று மூட்டம்.
நீட்டிய கை தெரியவில்லை.
குவாசருக்கு அதனால் ஒன்றுமில்லை,
மூட்டத்துக்குள்ளும் வருகிறது.
ஈரக்காற்றில் மட்டும்
ஒரு நானோ நொடி போலத் தயங்குகிறது.
அந்தத் தயக்கத்தைக் கழித்து எழுதுவது
என் வேலை.

அது கிளம்பியபோது பூமியே இல்லை.

ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
பெயர் மட்டும் தெரிந்த ஒருவர்
அதே புள்ளிக்குத் தன் தட்டைத் திருப்பியிருக்கிறார்.
ஒரு மணி நேரம்.
இருவருக்கும் விழுவது இரைச்சல்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் கொழுந்தன் தனசீலன்
கொலுசுப் பட்டறைக் குப்பையைக் கூட்டி
மூட்டை கட்டி வைப்பான்.
கரி, மயிர், பீடித்துண்டு, செருப்பு மண்.
உருக்கினால் உள்ளே வெள்ளி.
'நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் அண்ணி' என்பான்.
இல்லை என்று சொல்லப் பார்த்தேன்.

ஓர் ஊரின் இரைச்சலை
மற்றதன்மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தால்
ஒரே ஓர் இடத்தில் பொருந்தும்.
பூமி எவ்வளவு திரும்பியிருக்கிறது
என்பது அந்த இடத்தில் இருக்கிறது.

மறுநாள் மதியம் விடை வந்தது:
முந்தாநாளை விட
ஒரு மில்லி நொடி பின்தங்கல்.
காற்றாக இருக்கலாம்.
சில்வர் ஓக் மரங்களை ஆட்டும் இதே காற்று
பூமியிடம் கைமாற்று வாங்கும்,
சில வாரங்களில் திருப்பித் தரும்,
வட்டியில்லாமல்.

இறங்கும் பஸ்ஸில்
டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன்.
ஒரு மில்லி நொடியில்
சேலம் கிழக்கே நகரும் தூரம்
நாற்பத்தைந்து சென்டிமீட்டர்.
திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.
ஒரு முழம்.

பழைய பஸ் ஸ்டாண்டில்
ராசாமணி சன்னமல்லி அளக்கிறாள்.
முழங்கையில் தொடங்கி
நடுவிரல் நுனிக்குப் போகவேண்டிய சரம்
மணிக்கட்டு தாண்டியதுமே மடங்குகிறது.
நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.
'என் கை இவ்ளோதான் கண்ணு.'

என் வேலையில்
ஒரு மொட்டளவு பிழை போகலாம்,
அதற்கு மேல் போனால் மின்னஞ்சல் வரும்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
இரண்டு முழம் கேட்டேன்.
பின்னால் ஓமலூர் பஸ்
நாற்பது நிமிடத் தாமதத்துக்கு
ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது.

மடித்த இடத்திலிருந்து
ஒரு விரற்கடை தள்ளி நறுக்கினாள்.
கணக்கில் சேர்க்கவில்லை.