மல்லாந்து கிடப்பவனின் திமிங்கிலம்

பெர்கனில் ஒன்பதாவது நாளாக மழை.
காயப்போட்ட துணி காயவில்லை,
பிள்ளை தூங்கவில்லை, நாங்களும்தான்.
எங்காவது போகலாம் என்றாள் ராக்னா.
எங்கே என்று கேட்கத் தெம்பில்லை எனக்கு.

சீட்டுக் கொடுத்த பெண்
எஸ்கிலின் வயதைக் கேட்டாள்.
பதினோரு வாரம்.
"அப்போ இவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சிரித்தாள்.

கரடி, வால்ரஸ், ஒரு காது கிழிந்த நரி.
ஒவ்வொரு கண்ணாடியிலும் மூக்கை அழுத்தி
ஆவியால் முத்திரை வைத்துக்கொண்டே போனாள் தீரில்.
ஐந்து வயதுக்கு ஒரே கேள்வி:
இது செத்ததா, தூங்குதா?
நரி செத்தது. கரடி செத்தது.
தம்பி?
தூங்குறான் என்றேன்.
அவன் தூங்கவில்லை.

திமிங்கிலக் கூடத்தில்
கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் எலும்புக்கூடுகள்.
வந்தவர்கள் பிடரியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தார்கள்,
வலித்ததும் பலகையைப் படிக்கக் குனிந்தார்கள்.
தள்ளுவண்டியில் மல்லாந்து கிடந்தவன் மட்டும்
எந்தச் சிரமமும் இல்லாமல்
தாடை தொட்டு வால்வரை பார்த்துக்கொண்டிருந்தான்,
அழுகையைப் பாதியில் மறந்த வாயோடு.

உருட்டினேன்.
விலா விலாவாக நிழல் அவன்மேல் ஊர்ந்தது.
நிறுத்தினால் சிணுங்கினான். உருட்டினேன்.
தலைவரை போய், திரும்பி, மறுபடி வாலிலிருந்து.
ஆறு முறையா ஏழு முறையா,
அதற்குள் ராக்னா பெஞ்சில் உட்கார்ந்தபடியே
ஈரச் சப்பாத்துகளோடு உறங்கிப்போயிருந்தாள்.

அப்போதுதான் விழுந்தது,
அவன் போர்வையில், மார்புக்குச் சற்றுக் கீழே,
தேன் நிறத்தில் ஒரு சொட்டு.
இங்கேயும் ஒழுகுகிறதா என்று பார்த்தேன்.
தொட்டு, இரு விரலால் தேய்த்து, முகர்ந்தேன்.
படகு எஞ்சின்களில் பதினாறு வருஷம் கைவைத்தவன் நான்.
இது மழையில்லை.

காவலாளி தன் வீட்டுக் கூரை ஒழுகியதுபோலச் சங்கடப்பட்டார்.
எலும்புக்குள்ளே எண்ணெய், தம்பி.
நூறு வருஷத்துக்கு மேலே தொங்குது, இன்னும் கசியுது.
துவைச்சாலும் போகாது.

அழுதுச்சா? என்றாள் தீரில்.
இல்லை, எண்ணெய்.
அப்போ சாகலையா?
பதில் எனக்குத் தெரியும். வாய் வரவில்லை.
அவளே கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்:
முக்கால்வாசி செத்துடுச்சு.

போர்வையை மூன்று தரம் துவைத்தாயிற்று.
நேற்று அதிகாலை மூன்று மணிக்கு
தொட்டிலில் சத்தம். அழுகை இல்லை.
பக்கத்தில் தரையில் நானும் மல்லாந்து படுத்து
அவன் பார்த்த இடத்தைப் பார்த்தேன்.
எனக்குத் தெரிந்தது ஈரக்கறை மட்டும்,
அதற்கு இன்ன உருவம் என்று இல்லை.

அவன் கால்களை உதைத்துக்கொண்டிருந்தான்.