தூராத கிடங்கு

வீட்டுக்குப் பின்னால், முருங்கைக்கும் கிணற்றுக்கும் நடுவே
'ட' எழுத்தைப்போல் மடங்கிய பங்கர்.
மிதிவெடி பார்க்க வந்தவர்கள்
பார்த்து முடித்து நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.
மேலே கிடந்த பனங்குற்றிகள்
ஆட்டுக்கொட்டிலுக்குப் போயின.
மீந்தது குழி.

விசுவமடுவில் அப்போது ஒரு லோட் மண்ணுக்குக்
கையில் காசில்லை.
"குப்பையைப் போட்டால் தானாய்த் தூரும்" என்றேன்.

போன தையில் எட்டிப் பார்த்தேன்.
குழல் அச்சுக் குலையாத புட்டு.
பச்சை பூத்த பாண் கரை.
பிரிட்ஜுக்குள் மூன்று நாள் படுத்திருந்துவிட்டு
இங்கே வந்து விழுந்த சூடைமீன் குழம்பு.
(பிரிட்ஜ் என்பது,
எறிய மனமில்லாததை
மனம் வரும்வரை வைக்கிற பெட்டி.
தவணை இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.)

தவமலரும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
இரவு சுண்டைக் கையிலெடுத்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நாலு சுண்டு, ஐந்து பேருக்கான அளவு.
நாங்கள் மூன்று பேர்.
"ரெண்டே கால் காணும்" என்றாள்.
நாலிலிருந்து இரண்டே காலுக்கு இறங்கிவர
அவளுக்குப் பதினைந்து வருடம் எடுத்தது.
இதைப்பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன்.

பிறகு தொடங்கியது.
வாழைக்காய்த் தோல் வறையாக வந்தது.
பாண் கரை வெயிலில் காய்ந்து, உரலில் இடிபட்டு
றோல்ஸின் மேற்சட்டையானது.
மிஞ்சிய இடியப்பம் முட்டையோடு கொத்தாகி
மிஞ்சாமல் போனது.
மதுமிதன் கோப்பையைக் கிளறி
"இண்டைக்கும் தோலோ அம்மா?" என்பான்,
என்றுவிட்டு இரண்டாம் தரம் போடுவான்.
பிழிந்த தேங்காய்ப்பூ கோழிக்கு.
கோழியும் கொஞ்சம் கொழுத்தது.

குழிக்குப் போனது
வெங்காயச் சருகும் முட்டைக் கோதும் மட்டும்.
ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நின்று
தவளை குடிவந்தது.
இரவெல்லாம் அதன் கத்தல்.
பொறுக்காமல் குசினி வாசலில் நின்று கேட்டேன்:
"இப்பிடிச் சமைச்சால்
இந்தப் பங்கர் எந்த யுகத்தில தூரும்?"

சட்டியை வழித்த கரண்டியோடு திரும்பினாள்.
"மண்ணால தூர்க்கிறதை மண்ணால தூருங்கோ.
சோத்தால தூர்க்க
அதென்ன, ஆரின்ர வயிறு?"

சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த பால்மா ரின்னைத்
தூக்கி என் கையில் தந்தாள்.
கனத்தது.
எறியாத ஒவ்வொன்றுக்கும்
அதன் விலையைப் போட்டு வந்திருக்கிறாள்:
பாணுக்கு இவ்வளவு, பாதித் தேங்காய்க்கு இவ்வளவு,
குழம்புக்கு மட்டும் கூட
(மீன் விலை தெரியும்தானே).

சனிக்கிழமை
லாண்ட்மாஸ்டரில் கிரவல் வந்து பறிந்தது.
தவளை எங்கோ பாய்ந்தது.
'ட'வின் கிடைக்கோடு தூர்ந்துவிட்டது.
நிலைக்கோடு இன்னும்
வாய் திறந்தபடி கிடக்கிறது.

"அதுக்கு மாசி வரை பொறுங்கோ" என்கிறாள்,
இரண்டாம் சுண்டைத்
தலைதட்டி அளந்தபடி.