தரைக்குக் கீழே ஹார்க்கம் பார்வா

பார்வா என்றால் இலத்தீனில் சின்னது.
சின்ன ஹார்க்கம் இது என்றால்
பெரிய ஹார்க்கம் எங்கே என்று
வந்த முதல் வாரம் கேட்டேன்.
டேரன் ஸ்க்விப் கையிலிருந்த ஸ்பேனரை நீட்டிக் காட்டினான்:
கோதுமை, ஒரு விரல் உயரம்.
வெயில் சாய்ந்து விழும்போது மட்டும்
அந்த வயலில் தெருக்கள் மேடு தட்டித் தெரியும்,
போர்வைக்குள் படுத்திருப்பவரின் முழங்கால் மாதிரி.
கொள்ளைநோய் பாதியைக் கொண்டுபோனது.
மிச்சத்தை ஆடுகள் தின்றன என்பது ஊர்ப்பேச்சு;
கம்பளிக்கு இத்தனை ஆட்கள் எதற்கென்று
ஒரு மடாலயம் கணக்குப் போட்டதாம்.

தேவாலயம் மட்டும் நகர மறுத்துவிட்டது.
வயல் நடுவே நிற்கிறது,
புதன்கிழமை பஸ்ஸைத் தவறவிட்டவன் போல.

என் வேலை கிணறுகள்.
மாதம் இருமுறை, வாரியத்து வேன்,
மஞ்சள் நாடா, அதன் நுனியில் ஓர் உலோக விரல்.
இறக்குவேன். தண்ணீரைத் தொட்டால் கத்தும்.
டேரன் வீட்டுக் கொல்லையில் அக்டோபரில்
பத்தொன்பது மீட்டரில் கத்தியது.
அதுவரை சுண்ணப்பாறை, வெள்ளை வெளேரென்று,
நடுநடுவே சிக்கிமுக்கிக் கல் கறுப்பு வரிகளாக.
மழை அதற்குள் இறங்கி
அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

வரைபடத்தில் ஊர் நடுவே நீலக்கோடு.
நேரில் புல், ஒரு பள்ளம், ஒரு கால்பந்து.
பாலம் உண்டு. வேலையில்லாத பாலம்.
தை பிறந்து எப்போதாவது ஒரு நாள்
பாறை நிரம்பி, மேலேயிருந்து அல்ல,
புல் வேர்களுக்கு ஊடே
ஓடை எழுந்து வரும்.

எந்த நாள் என்பதில்தான் பந்தயம்.
மதுக்கடைச் சுவரில் கற்பலகை,
நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு பவுண்டு.
வந்த தேதியை விட்டத்தில் கத்தியால் கீறுவார்கள்.
1841, ஜனவரி ஒன்பது.
1917-இல் தேதி உண்டு, ஜெயித்தவர் பெயர் இல்லை.
(வெளியே போர்த்தூணில் ஏழு பெயர், மூன்று ஸ்க்விப்.)
1976: வரவில்லை.

கிணறு அளப்பவர் கட்டக்கூடாது, விதி.
எனக்கு முன்னால் அளந்தவன்
முப்பத்தோரு பவுண்டோடு மாற்றல் வாங்கிப் போயிருக்கிறான்.
ஆனாலும் என் முகத்தைப் படிக்கப் பார்ப்பார்கள்.
ஃபியோனா தட்டில் கூடுதலாக உருளைக்கிழங்கு வைப்பாள்.
ஏழு மீட்டர். மூன்று. எண்பது சென்டிமீட்டர்.
தபால்பெட்டி மாதிரி இருக்கப் பழகினேன்.

வந்தது பிப்ரவரி இருபத்தொன்பது.
பலகையில் அதற்குக் கட்டமே இல்லை.
இருபத்தெட்டு டேரனுடையது, மார்ச் ஒன்று பாதிரியாருடையது;
இருவரும் காலை ஏழு மணிக்கு
பைஜாமா மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு
பாலத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் அதற்கும் முன்னாலேயே பார்த்துவிட்டேன்.
இருட்டு பிரியாத நேரம், கோதுமை வயல் ஓரம் வேன்.
தண்ணீர் அங்கேதான் முதலில் வந்தது.
ஓடைப் பள்ளத்துக்கு நேரே போகவில்லை.
பெரிய ஹார்க்கத்தின் தெருவில் இறங்கி,
யார் வீடோ இருந்த திருப்பத்தில் திரும்பி,
தேவாலயத்து வாசலைத் தொட்டு,
பிறகுதான் சின்ன ஊருக்கு நடந்தது.

வழக்கம்போல டேரனின் கிணற்றில் நாடாவை இறக்கப் போனேன்.
மூடியைத் திறந்தேன்.
கையிலேயே கத்தியது.