அளவுக் குடுவை

டீசல் அளந்து பழகிய கை.
இருபது லிட்டர் கேனில் அரை லிட்டர் குறைந்தால்
தூக்கும்போதே சொல்லிவிடுவேன்.
இப்போது ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
கழிப்பறை விளக்கடியில்
பிளாஸ்டிக் குடுவையைக் கண்ணுக்கு நேரே பிடித்து
உன் மூத்திரத்தை அளக்கிறேன், ராக்கு.
முப்பது மில்லி.
கடுங்காப்பி நிறம்.

காய்ச்சல் நெஞ்சில்தானே இறங்கியது?
சின்னப்பாலத்தில் பாதி வீடு இருமியது,
மிளகுரசம் குடித்து எழுந்தும் விட்டது.
விரலில் துணி சுற்றி முங்கி
ஒரே மூச்சில் ஒரு பிடி மரிக்கொழுந்துப் பாசியோடு
மேலே வருகிறவள் நீ.
உனக்கா மூச்சு போதவில்லை?
ஆம்புலன்ஸ் பாம்பன் பாலம் ஏறும்வரை
நான் நம்பவில்லை.

நாலாம் நாள் நெஞ்சு தெளிந்தது.
ஐந்தாம் நாள் முகம் ஊதியது.
கணுக்காலில் விரல் வைத்தால்
ஈரமணலில் வைத்தாற்போல் குழி நின்றது.

கிரியேட்டினின் ஆறு புள்ளி எட்டு என்றார் டாக்டர்.
குதிரைசக்தி என்றால் எனக்குத் தெரியும்.
நெஞ்சுக்கு வந்த கிருமி கிட்னிக்கும் போகுமா சார்?
போகும், என்றார். பிறகு,
"வலி மாத்திரை எடுப்பாங்களா?"

மாஸ்க்குக்குள் நீ கண்ணை மூடிக்கொண்டாய்.
நான் சொன்னேன்:
கடலில் இறங்கும் முன் ஒன்று.
இடுப்பு தாங்காத நாளில் இரண்டு.
இந்தக் காய்ச்சலில், மூன்று வேளையும்.
பேர் தெரியாது சார், பச்சை அட்டை.
பெட்டிக்கடையில் கேட்டால் தருவார்கள்.

கேட்டு வாங்கியது யார் என்று
அவர் கேட்கவில்லை.

கழுத்தில் குழாய்.
உன் ரத்தம் வெளியே வந்து மெஷினைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறது.
சத்தத்தை வைத்தே எஞ்சின் கோளாறு சொல்கிறவன்
நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தும்
ஒன்றும் பிடிபடவில்லை.

நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர், அவ்வளவுதான்.
குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் ஊரிலும்
உன் தாகத்தை யாரும் அளந்ததில்லை.
பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.
"கடல் எப்படிக் கிடக்கு?" என்றாய்.
வாடைக்காத்து, என்றேன்.
போய்ப் பார்த்தவன் மாதிரி.

அடுத்த கட்டில் தொண்டிக்காரர்.
அவர் குடுவை கடைசிவரை காய்ந்தே இருந்தது.
மகன் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

பன்னிரண்டாம் நாள் நூற்றுப்பத்து.
பதினாலாம் நாள் நானூறு, நிறம் வெளுத்து.
நர்ஸிடம் காட்ட வராந்தாவில் ஓடினேன்,
சிந்திவிடக் கூடாதென்று
மெதுவாக ஓடினேன்.

வீட்டு ஆணியில் என் வேலைச்சட்டை தொங்குகிறது.
பையில் பச்சை அட்டை.
நாலு மிச்சம்.